ஆளு வருது

ஓடுகிற பஸ்ஸின் ஜன்னல் வழியாகப் பொரிப் பையை வீசி இடம் பிடித்த ஒரே மனுஷி, எனக்குத் தெரிந்து, அக்காதான்.

துண்டு போடுவார்கள், கைக்குட்டை போடுவார்கள், அவசரத்துக்குச் செருப்பைக் கழற்றிப் போட்டவரைக்கூடப் பார்த்திருக்கிறேன். அக்காவுக்கு அதெல்லாம் போதாது. ஆயுத பூஜை அன்று கம்பெனியில் ஆளுக்கொரு பை கொடுப்பார்கள். பொரி, பொட்டுக்கடலை, இரண்டு வாழைப்பழம், ஒரு சாத்துக்குடி. எங்கள் ஹாஸ்டலில் ஊருக்குக் கிளம்பும் பெண்கள் எல்லாருடைய பையையும் அவள் வாங்கித் தோளில் மாட்டிக்கொள்வாள். கோயம்பேட்டில் தெற்கே போகிற பஸ் மெதுவாக உள்ளே திரும்பும்போதே கூடவே ஓடி, ஒவ்வொரு பையாக ஜன்னலுக்குள் எறிவாள். ஒரு வருஷம் ஒரு பை உள்ளே போய் வெடித்து, கண்டக்டர் தலையெல்லாம் பொரி.

"இன்னாம்மா, பஸ்ஸுக்கே பூஜை போட்டியா?" என்று அவர் கத்தினார்.

"ஆயுத பூஜைதானண்ணே. ஏழு சீட்டு, எண்ணிக்கோங்க" என்றாள் அக்கா.

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஏழு சீட்டும் கிடைத்தது.

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவள் பெயரை வாயால் சொல்கிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்பதே சந்தேகம். சுங்குவார்சத்திரத்தில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஸ்டெல்லா அம்மா வீட்டு மாடியில் பதினாறு பெண்கள் இருந்தோம். எல்லாரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். கீழே குடியிருந்த ஸ்டெல்லா அம்மாவும் அக்கா என்றுதான் கூப்பிடுவார், அவருக்கு அறுபது வயதுக்கு மேல். கோவில்பட்டியிலிருந்து உள்ளே போகிற ஏதோ ஒரு ஊர் அவளுக்கு. எனக்கும் அந்தப் பக்கம்தான். நான் வந்து சேர்ந்தபோது எனக்கு இருபது வயது, அவளுக்கு இருபத்தொன்பது. உயரமான, ஒல்லியான உடம்பு. முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருண்டு சுருண்டு நீலமாகத் தெரியும். கம்பெனியில் அசெம்பிளி லைனில் எட்டு மணி நேரம் நின்று நின்று வந்தது. ராத்திரி சுவரில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருப்பாள்.

பஸ்ஸில் இடம் பிடிக்க அப்படி என்ன வெறி என்று ஒரு தடவை கேட்டேன்.

"வருஷம் பூரா நின்னுக்கிட்டுதானட்டி கெடக்கோம்? ஊருக்குப் போகும்போதும் நிக்கணுமா? நம்ம ஹாஸ்டல் புள்ள ஒருத்தி நின்னுக்கிட்டு ஊருக்குப் போனான்னு இருக்கக் கூடாது. அம்புட்டுதான்."

அம்புட்டுதான். அவளுடைய மொத்தக் கொள்கையும் இதுதான். கேன்டீனில் தலையில் மாட்டுகிற குல்லாவைக் கழற்றி நாற்காலியில் போட்டு எங்களுக்கு இடம் வைப்பாள். கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகனைப் பார்க்கப் போனால் வரிசையில் தனக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு பூக்கூடையை வைத்துவிட்டு, பின்னால் நிற்கிறவர்களோடு சண்டை பிடிப்பாள். சண்டையில் அவளுக்கு ஒரே ஒரு வசனம்தான். "ஆள் எங்கம்மா?" என்று யார் கேட்டாலும், "ஆளு வருது, வந்துக்கிட்டே இருக்கு!" சில சமயம் அந்த ஆள் இன்னும் ஹாஸ்டலில் பல் விளக்கிக்கொண்டிருக்கும். ஆனால் அவள் சொல்லும்போது அதில் சந்தேகமே இருக்காது. ஆள் வரும் என்று அவள் நிஜமாகவே நம்பினாள்.

எனக்கு முதல் இரண்டு வருஷம் அது பெருமையாக இருந்தது. அப்புறம் மானக்கேடாக இருக்க ஆரம்பித்தது. அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான் டிப்ளமா படித்தவள். லைனில் சேர்ந்தாலும், செய்த சரக்கைச் சோதித்துப் பாஸ் போடுகிற குவாலிட்டிக்குப் போய்விட வேண்டும் என்று குறியாக இருந்தேன். போயும் விட்டேன். லைன் ஆட்களுக்கு அடையாள அட்டை ஆரஞ்சுக் கயிற்றில் தொங்கும், குவாலிட்டி ஆட்களுக்கு நீலக் கயிறு. அந்த நீலக் கயிறு கழுத்தில் விழுந்து பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது, எனக்குத் தலைகால் புரியவில்லை. தூங்கும்போது மட்டும்தான் கழற்றுவேன். கேன்டீனில் அக்கா குல்லாவைப் போட்டு வைத்த நாற்காலியைத் தாண்டிப் போய் குவாலிட்டி மேஜையில் உட்கார்ந்தேன். அவள் அதைத் தப்பாகவே எடுக்கவில்லை. "போ, போ ட்டி. பெரிய ஆபீசரு" என்று சிரித்தாள். அடுத்த நாளும் குல்லாவைப் போட்டு வைத்தாள்.

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு வருகிறேன்.

அந்தத் தடவை அக்கா ஊருக்குப் போவதில் ஒரு விசேஷம் இருந்தது. மறுநாள் விஜயதசமி. காலையில் பத்து, பத்தரைக்கு அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளைக்குத் துபாயில் வேலை. லீவு முடிந்து அன்று சாயங்காலமே கிளம்பிவிடுவார். முதலில் வந்த இரண்டு இடமும் ஜாதகம், வயசு என்று நழுவிவிட்டன. இது போட்டோ பார்த்து, பிடித்திருக்கிறது என்று சொல்லி வருகிற இடம். அக்கா மயில் கழுத்துக் கலரில் ஒரு சேலை எடுத்து வைத்திருந்தாள். ஹாஸ்டலில் பதினாறு பேருக்கும் காட்டினாள். எனக்கு இரண்டு தடவை காட்டினாள்.

"இது எனக்கு எடுப்பா இருக்குமாட்டி? நீதான் குவாலிட்டி, நீ சொல்லு" என்றாள். பாஸ் என்று சொன்னேன்.

காலையில் கம்பெனியில் மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரிப் பை கொடுத்தார்கள். குவாலிட்டியில் என்னோடு இருந்த கிருபா அப்போதுதான் கேட்டாள். நாகர்கோவில்காரி, அவர்கள் நாலு பேர் ஏசி பஸ்ஸில் டிக்கெட் போட்டிருந்தார்கள். ஒருத்தி வரவில்லை. "நீ வர்றியா? கோவில்பட்டில எறங்கிக்கலாம்." நான் அந்த நிமிஷமே சரி என்றேன்.

ஒரே ஒரு வேலைதான் பாக்கி. அக்காவிடம் சொல்ல வேண்டும். 'அக்கா, எனக்கு வேற டிக்கெட் கெடச்சிருச்சு' என்றால் முடிந்தது. அவள் சந்தோஷம்தான் படுவாள். ஆனால் என்ன செய்வாள் என்றும் எனக்குத் தெரியும். எங்கே அந்த பஸ், யார் அந்தப் புள்ளைங்க என்று கூடவே வருவாள். பொரிப் பைகளோடு ஏசி பஸ்ஸில் ஏறி, என் சீட்டைத் தட்டிப் பார்த்து, கிருபாவிடம் "எங்க புள்ளையப் பாத்துக்கோம்மா" என்பாள். நினைக்கவே கூசியது. சுங்குவார்சத்திரத்திலிருந்து பூந்தமல்லி வழியாகக் கோயம்பேடு போகிற இரண்டு மணி நேரமும் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

கோயம்பேட்டில் இறங்கினால் தேர்த் திருவிழாக் கூட்டம். "பாத்ரூம் போயிட்டு வாரேன்க்கா" என்றேன்.

"ஷாலைக் குடுத்துட்டுப் போ. ஒனக்கு ஜன்னல் சீட்டு" என்றாள்.

என் பச்சை ஷாலை எடுத்துக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, பாத்ரூம் பக்கம் போகாமல் வேறு பிளாட்பாரத்துக்குப் போய் ஏசி பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.

எங்கள் பஸ் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்து, நாலைந்து பஸ் தள்ளி, அக்கா ஓடுவது தெரிந்தது. ஒரு கையில் என் ஷால், தோளில் ஏழு பொரிப் பை. டபார் டபார் என்று பைகள் ஜன்னலுக்குள் போயின. யாரோ திட்டினார்கள், அக்கா பதிலுக்குக் கத்தினாள். எங்கள் பஸ்ஸில் எல்லாரும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

"ஐயோ, யாருப்பா அந்த அம்மா? செம காமெடி" என்றாள் கிருபா. பிறகு என்னைப் பார்த்து, "உங்க லைன் டிரஸ்தான போட்டிருக்காங்க? உனக்குத் தெரியுமா?"

"தெரியல. எங்கயோ பாத்த மாதிரி இருக்கு" என்றேன்.

எங்கயோ பார்த்த மாதிரி. அந்த வருஷம் எனக்கு டைஃபாய்டு வந்து பதினோரு நாள் கிடந்தபோது ஷிப்ட் முடித்து வந்து எனக்குக் கஞ்சி காய்ச்சி ஊட்டியவளை.

கொஞ்ச நேரத்தில் போன் அடிக்க ஆரம்பித்தது. சத்தத்தை நிறுத்தினேன். திரும்பத் திரும்ப வந்தது. அணைத்து வைத்தேன். பஸ் கிளம்பினால் அவளும் போய்விடுவாள், நாளைக்கு அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள், போகாமல் என்ன செய்வாள், காலையில் கூப்பிட்டு ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் மைக்கில் கேட்டது.

"ஒட்டப்பிடாரம் முத்துச்செல்வி, ஒட்டப்பிடாரம் முத்துச்செல்வி, எங்கிருந்தாலும் உடனடியாக விசாரணை அலுவலகத்துக்கு வரவும். உங்கள் அக்கா உங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்."

கிருபா திரும்பினாள். "உன் பேருதானே?"

"எங்க ஊருப் பக்கம் தெருவுக்கு நாலு முத்துச்செல்வி" என்றேன். திரையை இழுத்து விட்டேன்.

பத்து நிமிஷம் கழித்து இன்னொரு தடவை. இந்தத் தடவை மஞ்சள் சுடிதார், நீலக் கயிற்றில் அடையாள அட்டை என்று என் அடையாளமும் சொன்னார்கள். கை தானாகப் போய்க் கயிற்றைக் கழற்றிப் பைக்குள் போட்டது. மூன்றாவது தடவை சொல்லும்போது எங்கள் பஸ் நகர ஆரம்பித்துவிட்டது. திரை ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி. அதில் அக்காவைப் பார்த்தேன். அவளுடைய பஸ் நின்ற இடம் காலியாக இருந்தது. அவள் போகவில்லை. என் பச்சை ஷாலை விரித்துப் பிடித்துக்கொண்டு, போகிற வருகிறவர்களிடம் காட்டிக் காட்டி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். என்ன கேட்டிருப்பாள் என்று எனக்கா தெரியாது? எழுந்து, 'நிறுத்துங்க' என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் பஸ் நின்றிருக்கும். நான் போடவில்லை.

அந்த பஸ்ஸில் இருந்த மற்ற பெண்கள் பின்னால் எனக்குச் சொன்னார்கள். கண்டக்டர் விசில் கொடுத்தாராம். அக்கா தன் பையை இவர்கள் மடியில் வைத்துவிட்டு இறங்கினாளாம். "அக்கா, நாளைக்கு உங்களப் பாக்க வாராங்க, ஏறுங்கக்கா" என்று இவர்கள் கத்தியிருக்கிறார்கள்.

"அதுக்கு? புள்ளையத் தொலைச்சுட்டுப் போயி சேல கட்டிட்டு ஒக்காரவா? போங்கட்டி, நான் அவளக் கூட்டிட்டு அடுத்த பஸ்ஸுல வாரேன்" என்றாளாம்.

அவள் பிடித்த ஜன்னல் சீட்டில் யாரோ உட்கார்ந்துகொண்டார்கள். அவள் சீட்டிலும்.

விஜயதசமி காலையில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே போனை எடுத்து உயிர் கொடுத்தேன். கையோடு அவளைக் கூப்பிட்டேன். ஒரே மணியில் எடுத்தாள். பின்னால் பஸ் இரைச்சல்.

"ஏட்டி! நல்லாயிருக்கியா? எங்கட்டி இருக்க?"

"வீட்டுலதான்க்கா. அது... பாத்ரூம் போனப்போ மயக்கமா வந்துருச்சு. யாரோ ஒரு அம்மா தண்ணி குடுத்து ஒக்கார வச்சாங்க. போன்ல சார்ஜ் இல்ல. அப்புறம் அவங்களே ஒரு பஸ்ஸுல ஏத்தி விட்டாங்க." இவ்வளவும் மூச்சுவிடாமல், ஒரு தடங்கல் இல்லாமல் வந்தது. பொய் சொல்வதில் நான் அன்றே பாஸ்.

"மாதாவே, முருகா" என்று இரண்டு பேரையும் சேர்த்துக் கூப்பிட்டாள். ஸ்டெல்லா அம்மாவோடு பழகி அவளுக்கு அப்படி ஆகியிருந்தது. "உசுரே போச்சுட்டி எனக்கு. இப்ப எப்படி இருக்கு? சாப்பிட்டியா?"

"நீங்க எங்கக்கா இருக்கீங்க?"

"விராலிமலை தாண்டல இன்னும். திருச்சி வரைக்கும் ஒரு பஸ்ஸு, இப்ப மதுர பஸ்ஸு. நின்னுக்கிட்டுதான் வாரேன். அது கெடக்கு, நீ மோர் குடிச்சுட்டுப் படு."

அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம் இரண்டு மணி. வந்தவர்கள் பன்னிரண்டரை வரைக்கும் பார்த்திருக்கிறார்கள். நல்ல நேரம் முடிந்தது, மாப்பிள்ளை விமானத்துக்குப் போக வேண்டும். 'சொன்ன நேரத்துக்கு வரத் தெரியாத பொண்ணு' என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார்கள். எல்லா இடத்துக்கும் எல்லாருக்கும் முன்னால் போய் நிற்கிறவளைப் பற்றி.

ஹாஸ்டலுக்குத் திரும்பியதும் இதை ஒரு வேடிக்கைக் கதை போலத்தான் சொன்னாள். "சேலைய என் தங்கச்சி கட்டிக்கிட்டா, அவளுக்கு எடுப்பா இருக்கு" என்றாள். என் ஷாலைத் துவைத்து, மடித்துக் கொடுத்தாள். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். காலில் விழுந்திருக்கலாம். "தேங்க்ஸ்க்கா" என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

அத்தோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பேன். அவள் என் மயக்கத்தை விடவில்லை.

முதல் வாரமே லைன் சூப்பர்வைசரிடமும் எங்கள் குவாலிட்டி சாரிடமும் போய், "இந்தப் புள்ளைக்கு மயக்கம் வரும் சார், ரொம்ப நேரம் நிக்க வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். என்னை முதலுதவி அறைக்குக் கூப்பிட்டு ரத்தம் எடுத்தார்கள். ஒன்றுமில்லை என்று வந்தது. "இவனுங்க மெஷினுக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிவிட்டு, தினம் இரண்டு பேரீச்சம்பழம் என் தட்டில் வைக்க ஆரம்பித்தாள். ஊருக்குப் போகும்போதெல்லாம் அவள் பையில் எனக்காக ஒரு எலுமிச்சம்பழமும் ஒரு குளுக்கோஸ் பாக்கெட்டும் இருக்கும். பஸ் நிலையத்துக்குள் கால் வைத்ததும் என் இடது மணிக்கட்டைப் பிடித்துவிடுவாள். ஒரு கையால் பொரிப் பைகளை எறிவாள், இன்னொரு கையில் நான். பஸ்ஸில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்வாள், "இந்தப் புள்ள ஒரு தடவ இங்க மயக்கம் போட்டு விழுந்து தொலைஞ்சு போச்சு. இல்லாட்டி நான் ஏன் பிடிக்கேன்?"

கிளம்பும்போது ஸ்டெல்லா அம்மா வாசலில் நின்று கேலி பண்ணுவார். "இன்னாடி, இம்மாம் பெரிய பொண்ண கையப் புடிச்சு இட்டுக்கினு போற?"

"ஒங்களுக்குத் தெரியாதும்மா, அவ ஒடம்பு அப்படி" என்பாள் அக்கா.

அந்த மணிக்கட்டில் அவள் விரல் பதியும்போதெல்லாம் எனக்கு அழுகை முட்டும். வெட்கம் பிடுங்கித் தின்னும். கையை உதறவும் முடியாது, உண்மையைச் சொல்லவும் வாய் வராது. கிருபா வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள். நான் நினைத்தால் தனியாக ஏசி பஸ்ஸில் போயிருக்கலாம். போகவில்லை. அவள் கையில் மாட்டிக்கொண்டு போவதுதான் எனக்கு விதித்த தண்டனை என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்வது சுலபம். தண்டனை கொடுக்கிறோம் என்பதே தெரியாமல் அவள் எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அப்புறம் வந்த ஒன்றிரண்டு இடமும் கூடவில்லை. கொரோனா வருஷத்தில் பஸ்ஸே இல்லை. அது முடிந்தபோது அவளுக்கு வயசு தாண்டிவிட்டது என்று வீட்டிலேயே பேச்சை விட்டுவிட்டார்கள். தங்கச்சிக்கு முடித்து வைத்தாள். தெற்கே போகிற பஸ்களைக் கிளாம்பாக்கத்துக்கு மாற்றினார்கள். "இது என்னட்டி ஏர்போர்ட் மாதிரி இருக்கு, ஓடிப் போயி எறிய எடமே இல்ல" என்று முதல் தடவை குறைப்பட்டாள். இரண்டாவது தடவையே பஸ் எங்கே திரும்பும், எந்தத் தூணுக்குப் பக்கத்தில் வேகம் குறையும் என்று கண்டுபிடித்துவிட்டாள்.

போன ஆயுத பூஜைக்கு நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். பழைய பெண்கள் எல்லாரும் கல்யாணம் ஆகிப் போய்விட்டார்கள், புதுப் பெண்கள் போனிலேயே டிக்கெட் போட்டுக்கொள்கிறார்கள். ஒரகடம், படப்பை வழியாக வண்டலூர் வந்து, கிளாம்பாக்கம் போய்ச் சேர்ந்தோம். அந்தத் தடவை விஜயதசமி அன்று பெண் பார்க்க வருவது என்னை. பதினோரு மணிக்கு. என்னைவிட அக்காவுக்குத்தான் படபடப்பு.

"பிந்தவே கூடாது. ஒனக்கு ஜன்னல் சீட்டு. எலுமிச்சம்பழம் ரெண்டு வச்சிருக்கேன்" என்றாள். மணிக்கட்டைப் பிடித்தாள். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாவிடம், "நாளைக்கு எங்க புள்ளையப் பொண்ணு பாக்க வாராங்க. மயக்கம் வந்து நேரத்துக்குப் போகாம ஆயிரக் கூடாதுல்ல?" என்றாள்.

எனக்குத் தாங்கவில்லை.

"அக்கா, எனக்கு மயக்கம் வராது."

"வராம இருக்கத்தான பிடிச்சிருக்கேன்."

"இல்லக்கா. எனக்கு மயக்கமே வந்ததில்ல. அன்னிக்குக் கோயம்பேட்டுலயும் வரல. கிருபா கூட ஏசி பஸ்ஸுல இருந்தேன். ஒங்களப் பாத்தேன். ஷால வச்சுக்கிட்டு நின்னீங்க, பாத்தேன்க்கா."

அவள் என்னைப் பார்க்கவில்லை. பஸ் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மைக்குல கூப்பிட்டது?"

"கேட்டுச்சு."

"எத்தன தடவ?"

"மூணு."

"நாலு தடவ" என்றாள். "நாலாவது தடவ சொல்லச் சொன்னப்ப அந்த ஆபீஸ்ல என்னைத் திட்டுனாங்க."

நான் அழ ஆரம்பித்தேன். பக்கத்து அம்மா என்னைப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார். அக்கா, "அப்ப ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல ஒனக்கு" என்றாள்.

"இல்லக்கா."

"நல்லது" என்றாள். மணிக்கட்டை விட்டாள். கோபமாக உதறவெல்லாம் இல்லை. பிடித்திருக்க வேண்டிய வேலை இல்லை என்று தெரிந்ததும் விட்டாள்.

பஸ் வந்தது. பழக்கம் அவளை விடவில்லை. ஓடினாள். முப்பத்தெட்டு வயசு, அந்தக் காலை வைத்துக்கொண்டு. இரண்டு பொரிப் பையும் உள்ளே போனது. கூட்டத்தில் முண்டி ஏறி, ஒரு பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்து ஜன்னல் சீட்டில் இன்னொரு பை இருந்தது. நான் கீழேயே, அந்த ஜன்னலுக்கு நேராக நின்றுகொண்டிருந்தேன். எந்த முகத்தோடு ஏறுவது?

ஒருத்தர் அந்தப் பையைக் காட்டினார். "இங்க ஆள் இருக்குதா?"

ஒன்பது வருஷமாக அந்தக் கேள்விக்கு அவள் சொல்லி நான் கேட்டது ஒரே பதில்தான். இப்போதும் அவள் வாய் திறந்தது. மூடிக்கொண்டது. ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாதுண்ணே. அந்தா நிக்கா, அவளையே கேளுங்க."

அவர் குனிந்து பார்த்தார். "இன்னாம்மா, வர்றியா, இல்லியா?"

வாரேன் என்று நான் சொல்லவில்லை. அவர் பையை எடுத்து அக்காவிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

கடைசி ஆளாக ஏறி, அக்காவின் சீட்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றேன். செங்கல்பட்டைத் தாண்டவே மூன்று மணி நேரம் ஆயிற்று. முன் சீட்டில் ஒரு குழந்தை வாந்தி எடுத்தபோது, பையிலிருந்து இரண்டு எலுமிச்சம்பழத்தையும் எடுத்து அதன் அம்மாவிடம் கொடுத்தாள். திருச்சி தாண்டும்போது என் கால் இரண்டும் மரத்துப் போயிருந்தது. லைனைவிட்டு வந்து ஏழு வருஷமாக எனக்கு நாற்காலி வேலை. நிற்கிற பழக்கமே போயிருந்தது.

விடிகிற நேரத்தில் வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"கால் வலிக்கா?"

"வலிக்குக்கா."

"விராலிமலை வந்திருக்கு. நீ அன்னிக்குப் போன் பண்ணும்போது இங்கனதான் நின்னேன்."

அவள் மடியிலிருந்த பைகளைக் கையில் எடுத்தாள். எழுந்தாள்.

"ஒக்காரு" என்றாள். "பொண்ணு பாக்க வாரவங்க முன்னால நொண்டிக்கிட்டு நிக்காத."

"வேண்டாம்க்கா" என்றேன்.

அதற்குள் அவள் நகர்ந்து, நான் பிடித்திருந்த கம்பியைத் தான் பிடித்துக்கொண்டாள். அவள் முழங்காலுக்குக் கீழே அந்த நரம்பெல்லாம் எனக்குத் தெரியும். கோவில்பட்டிக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

நான் உட்கார்ந்தேன்.